சித்தி கழித்த நூற்றுப் பதினாறு வண்டிகள்

எங்கள் சித்தி தினமும் காலையில் தன்னைத் தானே கழித்துக்கொள்வாள். கேட்பதற்கு ஏதோ துறவி மாதிரி இருக்கும். விஷயம் அதுவல்ல.

கடைவீதியில் சாலைக்குக் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் படுத்திருக்கின்றன. சக்கரம் ஏறினால் குழாய்க்குள் காற்று துள்ளும். ஓரத்தில் பூட்டி வைத்திருக்கும் சாம்பல் நிறப் பெட்டி அதைக் குறித்துக்கொள்ளும். எத்தனை மணிக்கு எந்த மாதிரி வண்டி போனது, அதன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பெட்டிக்குத் தெரிந்துவிடும். நாள் தொடங்கும் முன் குழாய் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, சித்தி ஒரு சரக்கு மிதிவண்டியை அதன்மேல் ஒருமுறை ஓட்டுவாள். இறங்கி நோட்டில் எழுதுவாள்: "நான்: ஒன்று. கழி."

ஒன்றே ஒன்று. அதை விட்டுவிட்டால் குடியா முழுகிவிடும் என்று ஒருநாள் கேட்டேன். "நான் என்ன சரக்கா?" என்றாள்.

சித்தி பேராசிரியர் இல்லை. பல்கலைக்கழகத்தில் சரக்குப் போக்குவரத்து ஆய்வுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிரதான கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கூரையில் புறா குடியிருக்கும் பட்டறை. சித்தி அங்கே ஆய்வகப் பணியாளர். கதவில் பேராசிரியரின் பெயர்ப்பலகை, உள்ளே சித்தியின் எண்ணெய்த் துணி. அதற்கு முன்னால் ஒரு லாரி எடைமேடையில் வேலை பார்த்தாள். சித்தப்பா அங்கேதான் மாட்டினார். அவர் தொலைதூர லாரி ஓட்டுநர்.

"மொதல் தடவை அதிக எடைன்னு திருப்பி அனுப்பினா," என்று சித்தப்பா யார் வந்தாலும் சொல்லுவார். "ரெண்டாவது தடவையும் திருப்பி அனுப்பினா. மூணாவது தடவை காலி வண்டியோட போனேன், பேசலாம்னு. அப்பவும் எடை போட்டுட்டுத்தான் பேசினா."

"டீசல் டேங்க் நிறைய இருந்தது," என்பாள் சித்தி, தலையைத் தூக்காமல்.

அந்தச் சித்தப்பா ஒருமுறை இதே கடைவீதியில் லாரியை நிறுத்த இடம் கிடைக்காமல் ஐந்து மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் ஊர்ந்திருக்கிறார். முன்னால் மாவு லாரி, பின்னால் பேருந்து, பக்கத்தில் யாரோ நிறுத்திவிட்டுப் போன கார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். சித்தி கேட்டது ஒரே கேள்வி: "அஞ்சு மணி நேரத்துல எத்தனை லிட்டர் போச்சு?" சித்தப்பாவுக்கு வந்த கோபத்தை அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். ஆனால் சித்தியின் எட்டு வருட வேலைக்கு அந்தக் கேள்விதான் முதல் வரி.

வேலை இதுதான். பெரிய லாரிகள் ஊர் எல்லையில் ஒரு கொட்டகையில் நிற்கும். அங்கிருந்து சரக்கு மூன்று சக்கர மிதிவண்டிகளில் கடைவீதிக்கு வரும். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளிவிட ஒரு சின்ன பேட்டரி உண்டு. மிதிவண்டியில் ஏறாத சரக்குக்கு மட்டும் லாரி உள்ளே வரலாம். அந்த லாரிக்காகச் சாலையோரம் காலை ஆறிலிருந்து பத்து வரை காலியாக இருக்கும். பத்துக்கு மேல் அதே ஓரம் பேருந்து நிற்கும் இடம். நாலு மணிக்கு மேல் பெஞ்சு போட்டு நடக்கிறவர்களுக்கு. இதைப் பேராசிரியர் நாற்பது பக்கத்தில் எழுதியிருக்கிறார். சித்தி சொன்னது, "தெருவ நாற்காலி மாதிரி இழுத்துப் போட்டுக்க முடியணும். செவுரு மாதிரி கட்டி வச்சிட்டு அழக்கூடாது."

இழுத்துப் போட, கார் வந்து நிற்காமல் ஓரத்தை மறிக்க, கம்பம் வேண்டும். வெளியிலிருந்து வரவழைத்த கம்பத்தை ஒரு தடவை நட்டால் பிடுங்க இயந்திரம் வரவேண்டும். சித்தி பட்டறையில் உட்கார்ந்து இரும்புக் குழாயில் ஓர் உறை செய்தாள். அது தரைக்குள் புதைந்திருக்கும். கம்பத்தை இறக்கி ஆளுயரச் சாவியால் கால் திருப்புத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டால் ஒரு மூடி. அதன்மேல் சைக்கிளும் போகலாம், சக்கர நாற்காலியும் போகலாம். பதினோரு மாதிரிகள் செய்து தூக்கிப் போட்டாள். பன்னிரண்டாவது மூடியின் மேல் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னாள். தடுக்கவில்லை. "சரி, இதுதான்" என்றாள். தடுக்கியிருந்தால் என் பல் போயிருக்கும் என்பது ஆய்வறிக்கையில் இல்லை.

நகராட்சி இருபத்தொரு நாள் வெள்ளோட்டத்துக்கு ஒப்புக்கொண்டது. நிபந்தனை: நாளொன்றுக்குச் சராசரி நூற்றைம்பது சரக்கு மிதிவண்டி நடைகள். குறைந்தால் கம்பங்களை எடுத்துவிட வேண்டும். அப்படிக் குறைவதை மிகவும் விரும்பி எதிர்பார்த்தவர் இரும்புக்கடைக்காரர். "என் கம்பிய மிதிவண்டியில கொண்டு வருவீங்களாம்மா? மூணு மாடி உசரம் இருக்கு அது," என்று தினமும் கேட்பார். "உங்க லாரிக்குத்தான் ஓரமா எடம் விட்டிருக்கேன், எட்டு மணிக்கு வாங்க," என்று சித்தி தினமும் சொல்லுவாள். அவர் தினமும் கோபித்துக்கொண்டு, தினமும் எட்டு மணிக்கு இறக்கிக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் எண்ணிக்கை நூற்றைம்பதுக்குக் கீழே நொண்டிக்கொண்டிருந்தது. சித்தி வீட்டில் யாரிடமும் புலம்பவில்லை. ஆனால் தேநீரை ஆறவைத்துவிட்டு அப்படியே மறந்தாள். மூன்று வேளை. அவள் தேநீரை மறந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டு முற்றத்தில் சித்தி முதன்முதலில் செய்த சரக்கு மிதிவண்டி நின்றது. பச்சைப் பெயிண்ட், ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். மறுநாள் எனக்கு வயிற்றுவலி வந்தது. ஊர் விஷயம் முழுவதும் வாயில் வைத்திருக்கும் என் சிநேகிதி ரேடியோவுக்கும் அதே வயிற்றுவலி. பள்ளிக்கூடத்துக்கு அது மூன்று நாள் நீடித்தது. காலையில் சித்தி கொட்டகைப் பக்கம் போனதும் பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு குழாய்மேல் ஏறினோம். பின்சந்து வழியாகச் சுற்றி வந்து மறுபடி ஏறினோம். ஆளுக்கு ஒரு நடையாக, மாற்றி மாற்றி. ரேடியோவுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. "உங்க சித்தி எனக்குக் கால் அமுக்கிவிடணும்," என்றாள்.

"வெளியில ஒரு வார்த்தை சொன்ன, கழுத்தை அமுக்குவா."

மூன்று நாளில் நூற்றுப் பதினாறு நடைகள். அந்த எண்ணை நான் மறக்க வழியே இல்லை.

வெள்ளோட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் சித்தி கணினியும் நோட்டுமாக உட்கார்ந்தாள். சராசரி நூற்று ஐம்பத்தொன்று. சித்தப்பா கைதட்டினார். அம்மா ஆறிப்போன தேநீரை எடுத்துப் போய்ச் சுடவைத்தாள். நான் முகத்தைப் பச்சைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டேன்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. திரையில் ஒரு வரிசையை விரலால் தேய்த்துக்கொண்டே போனாள். எழுந்தாள். இழுப்பறையிலிருந்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். பச்சை வண்டியின் முன்சக்கர அச்சில் நாடாவை வைத்தாள், பின்சக்கரம் வரை இழுத்தாள். அங்கேயே குத்துக்காலிட்டு மறுபடியும் ஒருமுறை அளந்தாள்.

மற்ற வண்டிகள் எல்லாம் பிறகு செய்தவை, ஒரே அளவு. இது முதல் வண்டி. அச்சுக்கும் அச்சுக்கும் நாலு சென்டிமீட்டர் அதிகம். உலகத்திலேயே அந்த அளவில் ஒரு வண்டிதான் உண்டு, அது அவள் கையால் செய்தது. நான் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இந்த நாலு சென்டிமீட்டர் தோன்றியிருக்க நியாயமில்லை.

உள்ளே வந்து சொன்னாள்: "முன்சக்கரத்துல காத்து எறங்கியிருக்கு. அடிச்சு வை."

"சரி சித்தி."

"ரேடியோ எத்தனை, நீ எத்தனை?"

"பாதிப் பாதி."

"ஏன்டி?"

"நூத்தைம்பது வரணும்னு."

"வரலையே," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அதற்கென்று நான்கைந்து பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

சாயங்காலம் பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கவலை வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார். அன்றைக்குத் துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்திருக்கும்.

"நூத்தி நாப்பத்தஞ்சு," என்றாள் சித்தி. "நூத்திப் பதினாறக் கழிச்சா அவ்வளவுதான் வருது சார்."

"எட்டு வருஷம்," என்றார் அவர். "நாலு சென்டிமீட்டர யாரு பாக்கப் போறாங்க?"

"அந்த வண்டியில சரக்கே இல்ல சார். இந்த எண்ணிக்கைய நம்பி இன்னும் அஞ்சு தெருவுல ஓரத்த மாத்துவாங்க. அங்க நெஜமான லாரி வந்து நிக்கும். இவரு மாதிரி எவனாவது அஞ்சு மணி நேரம் ஊருவான்." சித்தப்பாவைக் காட்டினாள். சித்தப்பா, பாவம், தான் உதாரணமானதில் நெளிந்தார்.

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி. அந்த வரிய நானே அறிக்கையில சேக்கறேன். ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கட்டும்."

நகராட்சிக் கூட்டம் பொதுமக்களும் வரலாம் என்ற கூட்டம். அம்மா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள், ஓடிவிடுவேன் என்று. சித்தி எழுந்து எண்களைப் படித்தாள். கடைசி வரி: "வீட்டு வண்டி: நூற்றுப் பதினாறு. கழி."

இரும்புக்கடைக்காரர் எழுந்தார். "வீட்டு வண்டின்னா என்னம்மா?"

"என் வீட்டுப் புள்ள ஓட்டினது. ஆர்வக்கோளாறு."

கூடம் சிரித்தது. என் பெயரைச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. அம்மாதான் என் கையை நசுக்கினாள். இரும்புக்கடைக்காரர் சிரிக்காமல் நின்றார். அடுத்து ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் உட்கார்ந்தார். தலைவர் தொண்டையைச் செருமினார். நிபந்தனை நிபந்தனைதான். திங்கட்கிழமை கம்பங்களை எடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை சித்தி ஆளுயரச் சாவியோடு போனாள். முப்பத்திரண்டு கம்பங்கள், முப்பத்தெட்டு நிமிடம். இயந்திரம் இல்லை, புழுதி இல்லை. நகராட்சி ஆள் ஒருவர் சிமெண்ட் கலவையோடு வந்து குழி எங்கே என்று தேடினார்.

"மூடி போட்டாச்சுங்க."

"சிமெண்ட் போடணும்ல?"

"உத்தரவுல சிமெண்ட்னு ஒரு வார்த்தை இருக்கா, பாருங்க."

அவர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மூடிமேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். கலவையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சித்தி அன்றைக்குக் கம்பங்களைத் துடைத்துப் பட்டறையில் படுக்கவைத்தாள், எண் போட்டு, வரிசையாக. மறுபடி தேவைப்படும் என்று நம்பித்தான் என்று சொல்ல ஆசை. ஆனால் அவள் எதையும் அப்படித்தான் வைப்பாள், ஒடிந்த திருப்புளியைக்கூட.

கடைவீதியில் ஓரம் முழுவதும் கார் நின்றது. ஒன்பதாம் நாள் இரும்புக்கடைக்காரரின் லாரி மாவு லாரிக்குப் பின்னால் இரண்டே முக்கால் மணி நேரம் நின்றது. பத்தாம் நாள் அவர் எங்கள் வாசலில் நின்றார்.

"அந்த மூடியெல்லாம் தெறக்குமாம்மா?"

"தெறக்கும். அனுமதி வேணும்."

"எண்ணிக்கை கொறைச்சல்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

"ஆமா, கொறைச்சல்தான்."

"அதான் வந்தேன்," என்றார். "எட்டு மணிக்கு எடம் இருக்கும்னு நீங்க சொன்னா இருக்கும்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கடைக்காரர்களின் நாற்பத்தொரு கையெழுத்து. மாவுக்கடை இரண்டு தடவை போட்டிருந்தது. சித்தி அதில் ஒன்றை அடித்து, நாற்பது என்று திருத்தித் திருப்பிக் கொடுத்தாள்.

நகராட்சி இன்னொரு இருபத்தொரு நாள் கொடுத்தது. நிபந்தனை அதே நூற்றைம்பது. இன்று காலை தொடங்கியது. பச்சை வண்டி முற்றத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. பூட்டியது சித்தி அல்ல, நான்தான். சாவி ரேடியோவின் அம்மாவிடம் இருக்கிறது.

பள்ளிக்கூடம் போகிற வழியில் குழாய்கள் வந்தன. மிதித்தால் என்ன ஆகும், ஒரு மனிதக் கால்தானே, பெட்டி கண்டுகொள்ளாது. இருந்தாலும் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டையும் தாண்டிக் குதித்தேன். ஓரத்தில் சித்தி நோட்டோடு நின்றாள். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் எண்ணிக்கை வந்தது: நூற்று ஐம்பத்து மூன்று. அதில் ஒன்று சித்தி. கழித்தாயிற்று.