படகு மோட்டாருக்குள் இருந்த குப்பை

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கிறான் என் மச்சினன். அவனுடைய படகு மோட்டார் பத்தே நிமிடத்தில் சூடாகி நின்றுவிடுகிறது. இன்று காலை எங்கள் வீட்டு வாசலில் வைத்துக் கழற்றினோம்.

மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் வழி முழுக்க ஷாம்பு கவர், குட்கா பாக்கெட், தலைமுடி. ஒரே நாற்றம்.

"மனுசய்ங்களா மாமா இவிங்கெல்லாம்?" என்று காறித் துப்பினான்.

சுத்தம் செய்து, தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டினோம். சூடேறவில்லை.

உடனே அந்தக் குப்பையை அள்ளி எதிர் வாய்க்காலில் வீசினான்.

"மாப்ள, அது உன் கம்மாய்க்குத்தானடா போகும்?"

"அம்புட்டுப் பேரும் போடுறாய்ங்க. நாம ஒரு கை போட்டா என்ன மாமா?"

நான்தான் இறங்கி எடுத்தேன். அவன் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

உங்கள் வீட்டில் இப்படி யார் இருக்கிறார்கள்?