மேல்வீட்டிலிருந்து இறங்கிய முட்டை

காக்ஸ் டவுனில் எங்கள் மேல்வீட்டில் ஒருவர் குடியிருந்தார். ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் விரலில் காய்ந்துபோன பசையை உரித்துக்கொண்டே இருப்பார். எட்டு வயது மகளுக்கு அறிவியல், கணக்கு, ஓவியம் எல்லாவற்றையும் கையால் செய்ய வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்டியதும் என் தோளில் ஒரு முட்டை விழுந்து உடைந்தது. அதோடு நூலால் கட்டியிருந்த, பூ வரைந்த கைக்குட்டையும் வந்து சேர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மாடியேறினேன்.

கதவைத் திறந்தவர் என் புடவையைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அய்யோ, சாரி மேடம்! பாராசூட் செஞ்சு பார்த்தோம். உள்ள வாங்க, ஈரத்துணியால துடைச்சிடலாம்."

மகள் மட்டும் என்னை ஆவலோடு பார்த்தாள்.

"ஆன்ட்டி, முட்டை மெதுவா வந்துச்சா, வேகமா வந்துச்சா?"

"வேகமாத்தான் வந்துச்சு. தோள் வலிக்குது."

"பார்த்தியாப்பா? துணி பத்தாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல!"

அவர் பசையை உரித்தபடி தலையாட்டினார். "ஆமாம்மா. எவ்வளவு பெரிசு வேணும்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்."

நான் திட்டத்தான் போனேன். ஆனால் கொஞ்ச நேரத்தில், சர்ச்சுக்கும் போகாமல், அவர்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, கீழே போய் எடுத்துவந்த என்னுடைய துப்பட்டா ஒன்றின் நான்கு மூலையிலும் நூல் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் என்னை எப்படி உட்கார வைத்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.