மாமா தலையில் கட்டிய விதி

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு ஆபீஸ் வாசலில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். கையில் டிபன் கேரியர், அதற்குள் மீன் குழம்பு. மண்டையைப் பிளக்கும் வெயில்!

என் தங்கை ஸ்டெல்லா மேனேஜராக இருக்கும் ஆபீஸ்தான் அது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. கடலூரிலிருந்து எப்போது போனாலும் நேரே உள்ளே போய்விடுவேன். வாட்ச்மேன் கலியமூர்த்தியை எல்லோரையும் போல நானும் 'மாமா' என்பேன். அவர் 'வாங்க மாப்ள' என்பார். அத்தோடு சரி.

அன்று கையைக் குறுக்கே நீட்டினார்.

"கோச்சிக்காதீங்க மாப்ள. உள்ள சொல்லியாச்சி. தங்கச்சி வந்து அழைச்சிட்டுப் போவும். செத்த உக்காருங்க."

ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? எல்லோருடைய செல்லும் வாசலில் ஒரு பெட்டிக்குள் கிடக்கிறதே! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்தத் தங்கையைப் பார்க்க வந்த நான் என்ன திருடனா?

ஒரு வழியாக ஸ்டெல்லா வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது... ஆனால் சிரித்தாள்.

வெளிநாட்டு கம்பெனி அனுப்பிய ஆடிட்டர் அன்று வந்திருந்தாராம். பாதுகாப்பு சரியில்லை என்றால் ஆபீஸையே சென்னைக்கு மாற்றிவிடுவார்கள். ஸ்டெல்லாவின் கணவருக்குக் கடலூர் கோர்ட்டில் வேலை, பிள்ளை இப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். வேலையை விடுவதா, வீட்டை விடுவதா? பாவம், சில மாதமாக அவளுக்குச் சரியான தூக்கமே இல்லை.

பாதுகாப்பு விதிகளை வைத்துக்கொள்ள அவர்களிடம் ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அதில் விதிகள் தலைப்புவாரியாகப் பிரிந்து கிடந்தன. வெளியாளைத் தனியாக உள்ளே விடக்கூடாது என்ற விதி 'கட்டடம்' என்ற பிரிவில். கட்டடம் என்றால் வாட்ச்மேன்தானே? மாமா தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆனால் மாமா யாரைத் தடுப்பார்? ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறது!

"வாய் நெறைய மாமான்னு கூப்புட்ட புள்ளைய எப்பிடிம்மா போன்னு சொல்றது?" என்று அவர் கேட்டபோது ஸ்டெல்லாவுக்குத் திட்ட மனம் வரவில்லை.

ஆடிட்டர் வருவதற்கு முன்பே அந்தப் பிரிவுகளைக் கலைத்தாள். என்ன விதி என்று பார்க்காமல், யாரால் செய்ய முடியும் என்று பார்த்துப் பிரித்தாள். பார்க்க வந்தவரை வாசலுக்கு வந்து அழைத்துப் போவது இனி அந்தந்த ஊழியரின் பொறுப்பு. மாமா உள்ளே சொல்லிவிட்டு உட்கார வைத்தால் போதும். அவருக்கு உபசரிக்க வரும், விரட்டத்தான் வராது.

"ஆடிட்டர் ஜன்னல் வழியா உன்னப் பாத்துட்டு, அது யாருன்னு கேட்டாருண்ணே. எங்க அண்ணன்னு சொன்னேன். அண்ணனையே உக்கார வச்சிட்டீங்களான்னு சிரிச்சிட்டாரு. எல்லாம் பாஸ். ஆபீஸ் இங்கயேதான்!"

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? முடியுமா என்று கேட்காமலே ஒருவர் தலையில் வேலையைக் கட்டுகிறோம். நடக்கவில்லை என்றால் அவரிடமே குதிக்கிறோம்...

மீன் குழம்பு ஆறிப்போயிருந்தது. மாமாவின் சாப்பாட்டிலும் ஒரு கரண்டி ஊற்றினாள் ஸ்டெல்லா. அவருக்கோ சாப்பாடு இறங்கவில்லை.

"வெயில்ல உக்கார வச்சிட்டேனே மாப்ள..."

"தங்கச்சி சென்னைக்குப் போறதுக்கு, நான் வெயில்ல காயறது எவ்வளவோ தேவல மாமா!"