உபயம் போடாத பாட்டு

"…அதைத்தான் சொல்லுறன், ஓடுற வள்ளத்திலை நிண்டுகொண்டு மெசினைக் கழட்டுற ஆள் இந்தக் குருநகரிலை நீ ஒருத்திதான்!" என்று மச்சாள் சொல்லி முடித்தபோது, என் கணினித் திரை முழுக்கக் கறுப்பாகி, மேல் மூலையில் வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அவர் வாயில் ஒன்று வந்தால் அது அன்று பின்னேரத்துக்குள் கடற்கரை வரைக்கும் போய்விடும். வள்ளமும் மெசினும் அப்படித்தான் போயின. அடுத்த நாள் மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர், "என்ன பிள்ளை, மெசின் பூட்டியாச்சோ?" என்று கேட்டார்.

திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் புனிதரின் திருச்சொரூபம் வைத்த கூடு தெருவெல்லாம் சுற்றிவரும்போது, முன்னால் போகும் உழவு மெசினில் ஒலிபெருக்கி கட்டிப் புதிதாக ஒரு பாட்டுப் போடுவார்கள். சனம் கேட்டுக்கொண்டே கூடப் பாடும். அந்தப் பாட்டைக் கட்டுகிறதும், வீட்டறையில் பதிந்து கொடுக்கிறதும் நான். சங்கீதம் படித்தவள் இல்லை. தையல்காரி. தைக்கிற மெசினில் நூல் எங்கே சிக்குகிறது என்று தேடுகிற பொறுமை இருந்தால் கணினியிலும் தேடலாம் என்று ஒருநாள் தொடங்கியது, விடவே இல்லை.

அதுவரை விண்டோஸ் கணினியில், எங்கிருந்தோ ஆரோ பிரதி பண்ணித் தந்த இசை மென்பொருளில்தான் வேலை. கணினி கிழடு. புதிய விண்டோஸைத் தாங்காது. பிரதி மென்பொருள் ஒரு காலை திறக்கவே மாட்டேன் என்று நின்றது. திரும்ப ஒரு பிரதி தேடி அலைய எனக்கு மனமில்லை. போனில் காணொளி பார்த்துப் பார்த்து, லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஊர் உலகத்தில் இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதிச் சும்மா தருகிறார்கள், கிழட்டுக் கணினியிலும் ஓடும், பாட்டும் பதியலாம் என்று அறிந்து வைத்திருந்தேன்.

"சும்மா குடுக்கிறவன் பிறகு வந்து கேப்பான்" என்றார் என் கணவர்.

போன் திருத்துகிற கடைத் தம்பி, "அக்கா, உது கம்பஸ் பெடியள் விளையாடுற சாமான். திருநாளை வைச்சுக்கொண்டு உதிலை கை வைக்காதேங்கோ" என்றான்.

இருவர் சொன்னதையும் கேட்டேன். கேட்டதோடு சரி.

வேறு வழி இல்லாமல் இல்லை. கனடாவில் இருக்கிற என் கணவரின் தம்பி விஷயம் கேள்விப்பட்டு உடனே போன் எடுத்தார். "அண்ணி, நீங்கள் ஏன் உந்தக் கஷ்டப்படுறியள்? இஞ்சை பாட்டுச் செய்யிற ஆக்கள் எல்லாம் கடிச்ச அப்பிள் பழம் போட்ட கொம்பியூட்டர்தான். திருநாளுக்கு வாற ஆக்களிட்டை ஒண்டு குடுத்து விடுறன்."

நன்றி சொல்ல வாய் எடுக்கிறேன், அவர் தொடர்ந்தார்: "பாட்டுத் துடங்க முதல் ஒரு சின்ன வசனம், அவ்வளவுதான். இப்பாடலின் உபயம் எண்டு அப்பாவின்ரை பேரும் என்ரை பேரும். முடியேக்கையும் ஒருக்கா."

எங்கள் பக்கத்தில் உபயம் இல்லாத பொருள் இல்லை. கோயில் மணிக்கூட்டில் பெயர், வாங்கில் பெயர், தண்ணீர்க் குழாயில் பெயர். எங்கள் கோயிலில் ஒரு மின்விசிறிக்கு மூன்று இதழிலும் பெயரைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். பூசை நேரம் அது சுற்றும்போது ஒருவருக்கும் வாசிக்க முடியாது. கரண்ட் போனால்தான் உபயகாரரின் பெயர் தெரியும். அப்போது எல்லோரும் வியர்த்துக்கொண்டு வாசிப்போம்.

எனக்கு அதில் எரிச்சல் இல்லை. பனியில் நின்று உழைக்கிறவர்களுக்குத் தங்கள் பெயர் ஊரில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று இருக்கும். இருக்கட்டும். ஆனால் பாட்டு விசிறி இல்லை. கூடு போகிற வழியில் தன் வீட்டுப் படலையில் நிற்கிறவள் தன் குரலில் அதைப் பாடுகிற நேரம் அது அவளுடையது. முன்னால் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டால் அவள் இரவலுக்குப் பாடுகிறாள் என்று ஆகிவிடும். இத்தனை வருடத்தில் என் பெயரையே நான் அதில் போட்டதில்லை.

"தம்பி, விசிறி அனுப்புங்கோ, நானே வடிவாய்ப் பேர் எழுதுவிக்கிறன். பாட்டிலை எழுத இடமில்லை" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்ததும், லினக்ஸ் ஏற்றத் தொடங்கி நின்ற கறுப்புத் திரையைப் பார்த்ததும், வள்ளக் கதை சொன்னதும். சொல்லிவிட்டுப் போகவில்லை. என் தையல் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு தீர்ப்பும் தந்தார்.

"கொடியேற்றத்துக்கு முதல் நாள் பாட்டு என்ரை கையிலை இருக்கவேணும். இல்லாட்டித் தம்பியின்ரை மெசினிலை செய்வம், தம்பி சொன்னபடியே செய்வம். சரியோ?"

"ஓம், சரி" என்றேன். வேறென்ன சொல்ல? பாடுகிற குரல் அவருடையது.

அந்தக் கறுப்புத் திரை அன்று இரவுக்கு முன்பே வெளுத்துவிட்டது. லினக்ஸ் ஏறி உட்கார்ந்தது. ஆனால் என் பழைய பாட்டுகளைப் புதிய மென்பொருளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. தனித்தனியாகப் பதிந்த மேளம், தந்தி, கோரஸ் ஒன்றும் வராது. போனில் கிடந்த முடிந்த பாட்டுகள்தான் மிச்சம். வருடக்கணக்காகச் சேர்த்த மேள அடிகள் எல்லாம் போயிற்று. அடுத்த நாள் என் பழைய இசைக் கீபோர்டின் வயரைச் செருகினேன். ஒன்றும் கேட்காமல், ஒன்றும் ஏற்றச் சொல்லாமல், தொட்ட உடனே அது சத்தம் தந்தது. 'பார்த்தாயா' என்று வெறும் அறைக்குச் சொன்னேன். மேளத்தைத் திரும்ப முதலிலிருந்து அடித்தேன். பழையதை விட நன்றாக வந்தது.

பிறகு பாடகர் குழுவைக் கூப்பிட்டேன். எங்கள் படுக்கையறைதான் ஒலிப்பதிவுக்கூடம். மெத்தையைச் சுவரில் சாய்த்து, யன்னலுக்குச் சேலை கட்டி, பாண், பணிஸ் விற்கிறவனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவைக் கடக்கும் வரை எல்லோரும் காத்திருப்போம். ஹெட்போன் ஒன்றுதான். அதை மச்சாள் மாட்டிக்கொள்வார். மற்றப் பெண்கள் அவர் வாயையும் கையையும் பார்த்துப் பாடுவார்கள்.

பாடினார்கள். நான் திரையில் மும்முரம். ஏதோ ஆறுதலாக, மெதுவாகப் போகிறது என்று பட்டது. முடிந்ததும் எல்லோருக்கும் கேட்கப் போட்டேன்.

திருநாள் பாட்டு பெரிய வெள்ளிக்கிழமையில் யேசுவின் பாடுகளைப் பாடும் பசாம் போல இழுத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு துக்கம். மேளம் முடிந்து போன பிறகும் இவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி, "ஆரடி செத்தது?" என்று கேட்க, கட்டிலில் இருந்தவர்கள் சிரித்துச் சரிந்தார்கள்.

மச்சாள் சிரிக்கவில்லை. "என்ரை குரல் எனக்குப் பின்னாலை வந்துகொண்டு நிண்டுது. பாவம் வரட்டும் எண்டு நானும் நிண்டு நிண்டு பாடினன். நீ இழுத்துப் பாடச் சொல்லுறாயாக்கும் எண்டு நினைச்சன்."

பிழை என்னுடையது. பாடுகிற குரல் கணினிக்குள் போய் ஹெட்போனுக்குத் திரும்பி வரச் சுணங்கியிருக்கிறது. வேறு ஊர்ப் பாடகி என்றால் பாதியில் ஹெட்போனைக் கழற்றி எறிந்திருப்பாள். தவசு காலம் முழுக்கப் பசாம் இழுத்துப் பழகிய எங்கள் பெண்களுக்கு அது சிரமமாகவே படவில்லை. சுணக்கத்தையே ஒரு இராகமாக எடுத்து, மச்சாள் பின்னால் ஒருத்தியும் பிசகாமல் இழுத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் பழம் போட்ட கணினி வந்து சேர்ந்தது. திருநாளுக்கு வந்த சொந்தக்காரர் பெட்டியில், சவர்க்காரத்துக்கும் சொக்லேட்டுக்கும் நடுவில், துவாயில் சுற்றி. மச்சாளே தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

"திறந்து பாரன். கடிக்காது."

திறந்தேன். கூடாத மெசின் என்று சொன்னால் பொய். வடிவு, வேகம். பாட்டுப் பதிகிற மென்பொருள் உள்ளேயே கிடந்தது. ஒரு வரி முனகிப் பார்த்தேன். குரல் சுணங்காமல் காதில் விழுந்தது. ஒரு பின்னேரம் இருந்தால் முடித்திருப்பேன்.

மூடி, துவாயைச் சுற்றித் திரும்பக் கொடுத்தேன்.

"உனக்கென்ன விசரோ? உதிலை செய்தால் என்ன குறைஞ்சு போடும்?"

"உதிலை ஏறினால் உபயமும் ஏறும், மச்சாள். கொடியேற இன்னும் நாள் கிடக்கு."

"நாள் கிடக்கு, பாட்டைத்தான் காணேல்லை" என்று சொல்லிக்கொண்டு போனார். துவாய்ப் பொட்டலத்தை மேசையிலேயே விட்டுப் போனார்.

போனில் தேடினேன். எந்த நாட்டுக்காரரோ ஆருக்கோ சொன்ன பதிலை மொழிபெயர்ப்புப் போட்டு வாசித்தேன். பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியை எங்கள் கரைக்கு மாற்றி யோசித்தேன். வள்ளத்திலிருந்து மீனைக் கரைக்குக் கொண்டுவருகிற கூடை பெரிதென்றால், அது நிரம்பும் வரை கரையில் நிற்கிறவன் காத்திருக்க வேண்டும். சின்னக் கூடை என்றால் மீன் உடனுக்குடன் வரும், சுமக்கிறவன் ஓடி ஓடிக் களைப்பான். கணினியும் சத்தத்தைக் கூடையில்தான் சுமக்கிறது. கூடையை ஆகச் சின்னதாக்கினேன். சுணக்கம் போய்விட்டது, ஆனால் கடுகு தாளித்தது போலப் படபடவென்று வெடித்தது. கிழடு ஓட முடியாமல் விழுகிறது. இணையத்தை நிறுத்தினேன். தேவையில்லாமல் ஓடியதையெல்லாம் மூடினேன். கூடையைக் கொஞ்சம் பெருப்பித்தேன். ஹெட்போனை மாட்டிக் கையைத் தட்டினேன். தட்டிய கையும் கேட்ட காதும் ஒன்றாக இருந்தன. கடுகும் வெடிக்கவில்லை.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம் எல்லோரும் வந்தார்கள். மச்சாள் ஹெட்போனை மாட்டி ஒரு வரி பாடிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "ம்ம், இண்டைக்கு என்னோடை சேர்ந்து நடக்குது" என்றார்.

தொடங்கப் போகிறோம், அவருடைய போன் அடித்தது. கனடாவில் விடிந்திருந்தது. முகம் தெரிகிற அழைப்பு. தம்பி வேலைக்குப் போகிற உடுப்போடு நின்றார்.

"அக்கா, அந்த மெசினிலை செய்யாட்டிலும் பரவாயில்லை. பேரை மட்டும் சொல்லிவிடுங்கோ. அண்ணியைக் கேக்க எனக்கு இனி ஏலாது."

அறை முழுக்க என்னைப் பார்த்தது.

"பதியிறது பதிவன். பாட்டோடை ஒட்டமாட்டன்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடித்தான் வந்துவிட்டது.

"ஒட்டாமல் என்னத்துக்கடி பதியிறது?"

"உங்கடை தம்பிக்குத் தனிய அனுப்புங்கோ. ஒலிபெருக்கியிலை போகாது. குரல் உங்கடை, நீங்கள் எங்கை வேணுமெண்டாலும் கொண்டுபோய்ச் செய்யுங்கோ. ஆனால் நான் செய்யிற பாட்டிலை அது இராது."

"விசரி. நீ பதி."

பதிந்தேன். மச்சாள் கோயில் அறிவித்தல் வாசிக்கிற குரலில், இப்பாடலின் உபயம் என்று தொடங்கி, தன் தகப்பனின் பெயரையும் தம்பியின் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். திருத்தமாக வந்தது. நான் அதை ஹெட்போனில் திரும்பப் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாதாட என்னிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை. அவர் குழுவைக் கூட்டிக்கொண்டு எழும்பினால் பாட்டும் எழும்பிவிடும்.

ஒருதரம் கேட்டார். இன்னொருதரம் போடச் சொல்லிக் கையால் காட்டினார். ஹெட்போனைக் காதிலிருந்து பாதி விலக்கினார்.

"அப்பா ஒரு நாளும் கூட்டிலை போற சுருவத்துக்கு முன்னாலை நடந்தவரில்லை" என்றார், எனக்கா தம்பிக்கா என்று தெரியாமல். "செருப்பைக் கழட்டிப்போட்டு, ஆகக் கடைசியிலை, பொம்பிளையளுக்கும் பின்னாலைதான் வருவார். நாங்கள் இப்ப அவரின்ரை பேரைக் கொண்டுபோய் எல்லாத்துக்கும் முன்னுக்கு விடுறம்."



மச்சாள் எழுந்து என் தோளுக்கு மேலால் குனிந்தார். அந்தக் கணினியை அவர் அதுவரை ஒரு விரலாலும் தொட்டதில்லை.

"அழிக்கிறது எந்தக் கட்டையடி?"

காட்டினேன். மிளகாய் இடிக்கிறது போல ஒரு குத்துக் குத்தினார். திரையில் அவர் அறிவித்த குரலின் கோடு போய்விட்டது. போனைத் தலையணையில் நிமிர்த்தி வைத்து, "நீ வைச்சுப்போடாதை, கேட்டுக்கொண்டு நில்" என்று தம்பிக்குச் சொன்னார். ஹெட்போனை இரண்டு காதிலும் அழுத்தினார், பெண்களுக்குக் கையைத் தூக்கினார், நான் பதிவுப் பொத்தானைத் தொட முன்பே முதல் அடியைப் பாடத் தொடங்கிவிட்டார்.