தாள் கேட்கத் தெரியாத பிள்ளை

தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து வந்தபோது மகளுக்குப் பதினான்கு வயது. அதன்பின் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கூட்டத்தில் காய்ச்சல் ஏதும் தொற்றிவிடுமோ என்று நான்தான் விடவில்லை. வீட்டிலேயே படித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். உயர்தரத்தில் கலைப்பிரிவு. பாடத்திட்டம், பழைய வினாத்தாள்கள் எல்லாம் தேடியெடுத்தோம். பல்கலைக்கழகம் போகத் தேவையானதில் ஒன்றையும் தவறவிடவில்லை என்றே நினைத்திருந்தேன்.

பரீட்சை நெருங்கியபோது, பக்கத்து ரியூட்டரி வகுப்பில் மாதிரிப் பரீட்சைக்கு அனுப்பினேன். வாடிப்போய் வந்தாள்.

"கஷ்டமோ?"

"இல்லையம்மா. கடைசிக் கேள்வி எழுதேல்லை. தாள் முடிஞ்சுது."

"கேட்டிருக்கலாமே!"

"கேட்டால் தருவினமோ?"

சாதாரண தரத்தில் கொடுத்த தாளே அவளுக்குப் போதுமாயிருந்தது. வீட்டில் முடிந்தால் எழுந்துபோய் அலுமாரியில் எடுப்பாள். மண்டபத்தில் கையை உயர்த்தினால் தாள் வரும் என்று நான் சொல்லவேயில்லை. அதெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்றே எனக்குத் தோன்றவில்லை. இன்னும் எதையெதைச் சொல்லாமல் விட்டேனோ என்று நெஞ்சு பதறியது. அந்தப் பதற்றம் இன்றும் முற்றாகப் போகவில்லை.

அன்று அவளுக்குப் பக்கத்தில் இருந்து எழுதிய இரண்டு பெண்பிள்ளைகள் அவள் தாள் கேட்காததை நன்றாகப் பகிடி பண்ணிச் சிரித்தார்களாம். ஆனால் அடுத்த சனிக்கிழமை எங்கள் படலை வாசலில் நின்றார்கள்.

"அன்ரி, உங்கடை மகளுக்குச் சோதினை பழக்க வந்திருக்கிறம்," என்றாள் உயரமானவள்.

சாப்பாட்டு மேசை பரீட்சை மண்டபமானது. உயரமானவள் என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வையாளராக நடந்தாள்.

"சுட்டெண் எழுதியாச்சோ? அங்காலை என்ன பார்வை?"

மகள் தாள் கேட்டுக் கைகளை உயர்த்தினாள்.

"ஒரு கை காணுமடி! ரெண்டையும் தூக்கிறாய், இதென்ன தேர்த்திருவிழாவே?"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது. கூட்டம் காய்ச்சலைத்தான் தரும் என்று இருந்தவள் நான். பரீட்சை வரும்வரை சனிக்கிழமைதோறும் வந்தார்கள்.

மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். கூட வந்த குள்ளமானவளுக்கும் கிடைத்தது. உயரமானவளின் புள்ளிகள் வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. நன்றி சொல்லத்தான் அவளுக்குப் போன் எடுத்தேன். அழுகைதான் வந்தது.

"அழாதையுங்கோ அன்ரி. நான் திரும்பவும் சோதினை எடுக்கிறன். இந்தமுறை நானும் தனிப்பட்ட பரீட்சார்த்திதான். சனிக்கிழமை வாறன். எனக்கு வரலாறு பழக்க அவளை ஆயத்தமாய் இருக்கச் சொல்லுங்கோ."

மகளிடம் சொன்னேன்.

"எத்தினை மணிக்கு வாறாளாம்?" என்று கேட்டாள்.