கேமராவுக்கு ஒரு ஜெபம்

என் அண்ணன் வின்சென்ட் எடுத்த முதல் படம்தான் அவனுடைய கடைசிப் படமும். மொத்தமே நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்குச் சுங்கை பினாங்கில் எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வருஷம் 1935. அண்ணன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. எனக்குப் பத்து வயது. பாதிரியார் தம்முடைய சாவி முடுக்கும் கேமராவையும் ஒரே ஒரு பிலிம் சுருளையும் அவனுக்கு இரவல் கொடுத்திருந்தார். கதை இதுதான்: அப்பா கடலில் காணாமல் போகிறார். மகள் ஜூலியானா, அதாவது நான், சம்பான் படகில் ஏறித் தேடுகிறேன். முடிவில் அப்பா தள்ளாடிக் கரையேறி விழுகிறார்; நான் உலுக்கியதும் எழுந்துவிடுகிறார். நிஜத்தில் அப்பா பாக்கியசாமி துறைமுகக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தாலே பயப்படுகிற மனுஷர்!

கேமராவில் கண்ணை வைத்தவன் கடிகாரம் பார்க்க முடியுமா? அதனால் எங்கள் அம்மா அமலம்மாள்தான் கடிகாரம். ஒரு காட்சிக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம்; அரை நிமிஷம்கூட ஆகாது. அம்மா "ஆமென்" என்றதும் அண்ணன் விசையை விட்டுவிடுவான். கோயிலில் ஜெபமாலை சொல்லிக் கொடுப்பவள் அம்மா. அவள் குரல் கூடாது, குறையாது.

கடைசிக் காட்சிக்குத் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் போனோம். அப்பா ஈரக் கைலியோடு தள்ளாடி வந்து மல்லாக்க விழுந்தார். விழுந்தவர் சும்மா கிடக்கக்கூடாதா? கண்ணை மூடி இரண்டு கையையும் நெஞ்சின்மேல் கோத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அம்மாவின் குரல் உடைந்தது. ஜெபத்தைப் பாதியில் விட்டாள். தன்னை மறந்து மாதா பிரார்த்தனையைத் தொடங்கிவிட்டாள். சாவு வீட்டில் சொல்கிற நீண்ட பிரார்த்தனை அது. ஆமென் அதன் முடிவில்தான் வரும். அண்ணன் ஆமெனுக்காகக் காத்துக்கொண்டே இருந்தான். சுருள் தீர்ந்து கேமரா வெறுமனே கடகடத்தது.

"என்னம்மா நீங்க! அப்பா எந்திரிக்கிறதே படத்துல வராது. எல்லாம் உங்களாலதான்!"

"பொணம் மாதிரி கெடந்தா நான் என்னடா பண்ணுவேன்? வாய் தானா போயிருச்சு."

அப்பா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அதான் எந்திரிச்சிட்டேன்லா, அமலம். வா, பசிக்குது."

கழுவுவதற்காகச் சுருளைக் கப்பலில் அனுப்பினோம். அது திரும்பி வருவதற்குள் அப்பா மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

"உசுரோட இருந்த மனுசனுக்கு நானே சாவுப் பிரார்த்தனை சொல்லிட்டேனே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதன்பிறகு ஜெபத்துக்கு வாயே திறக்கவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் ஊமையாக உட்கார்ந்திருப்பாள். எல்லாம் உங்களால்தான் என்று சொன்னதற்காக அண்ணன் அம்மாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். "நீ சொன்னது நெசம்தானேடா" என்றாள். எனக்கு இருவர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த மாதம் சுருள் வந்தது.

"துக்க வீட்டுல படமா? வருசம் திரும்பலயேடா."

"கூத்துப் பாக்கச் சொல்லலம்மா. அப்பாவப் பாருங்க."

மத்தியானம் ஜன்னல்களை அடைத்து, சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டினோம். பாதிரியாரின் கைப்பிடி சுற்றிப் படம் காட்டுகிற கருவியை அண்ணன் சுற்றினான். சம்பானில் நான் வந்தேன். அப்பா வந்தார், தள்ளாடினார், விழுந்தார், கிடந்தார். பிறகு விரிப்பு வெள்ளையாகிவிட்டது.

"இப்படியே கெடக்குறாரேடா" என்று அம்மா கதறினாள்.

அண்ணன் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினான். மணலில் கிடந்த அப்பாவின் கைகள் பிரிந்தன. தோள் நிமிர்ந்தது. அப்பா எழுந்தார்! எழுந்து நின்றவர், கடல் பக்கமாக ஓரடி பின்னால் வைத்தார்.

"அண்ணே, நிறுத்து! தண்ணிக்குள்ள போயிருவாரு!" என்று நான் கத்தினேன்.

பக்கத்திலிருந்து சன்னமாக, ஆனால் பழைய சீரோடு, அம்மாவின் குரல் வந்தது.

"ஆமென்."

அண்ணனின் கை நின்றது. ஈரக் கைலியோடு அப்பா எங்கள் முன் நின்றுகொண்டிருந்தார்.