நீல அட்டைத் துண்டு

“இது என்ன, குப்பையா?” என்று அண்ணி கேட்டாள்.

கருவிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, துருப்பிடித்த ஆணிகளைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களுக்கிடையில் நீல நிற அட்டைத் துண்டு ஒன்று இருந்தது. மாத்திரைப் பெட்டியைக் கிழித்து நாலாக மடித்தது. நாத்தனார் சன்னலோரம் உட்கார்ந்து திரைத்துணிக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, அது எங்கே இருந்தது என்று கேட்டாள். டிரில்லைத் துடைக்கலாம் என்று பேட்டரியைக் கழற்றியதும் கீழே விழுந்ததாக அண்ணி சொன்னாள்.

“எனக்கென்ன தெரியும்? மெஷின் இப்ப உங்க கையிலதானே இருக்கு.”

“அப்ப போட்டுடட்டுமா?”

“போடுங்க.”

அண்ணி அதைக் குப்பைக்கூடையில் போட்டாள். நாத்தனார் அடுத்த அளவைக் குறித்தாள். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

வீட்டில் நாத்தனாருக்கு டேப்பு என்று பட்டப்பெயர். அளவு டேப்பை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிகிறாள் என்று அண்ணன் வைத்தது. வீடு வீடாகப் போய்த் திரைச்சீலைக் கம்பி மாட்டுவது அண்ணனுக்குத் தொழில். டேப்பு அளவெடுப்பாள், பென்சிலால் குறி வைப்பாள், அவன் துளை போடும்போது ஏணியைப் பிடிப்பாள், கொட்டும் தூசியைத் தலையில் வாங்கிக்கொள்வாள். கீழேயே நின்று நின்று அண்ணனின் குதிகால் வெடிப்புகள்கூட அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு துளைகூட அவள் போட்டதில்லை. ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். கை நடுங்கும், ஊரான் வீட்டுச் சுவர் போய்விடும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது.

அந்த டிரில் பேட்டரியில் ஓடுவது. நாள்பட நாள்பட, சுவரில் வைத்து அழுத்தினால் திடீரென்று நின்றுபோகும். அண்ணன் ஏணி மேலிருந்தபடி அதன் தலையில் ரெண்டு தட்டு தட்டுவான். ஒருநாள் அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், பேட்டரி ஆடுவதை டேப்பு கவனித்தாள். ஓர் அட்டைத் துண்டை மடித்து இடுக்கில் செருகினாள். ஆட்டம் நின்றது, டிரில் ஓடியது. தான் தட்டியதால்தான் ஓடுகிறது என்று அண்ணன் எல்லோரிடமும் பெருமையடித்தான். அவள் திருத்தவில்லை. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போடுவது அவள் வேலை என்பதால், அட்டை நசுங்கும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் புதிது மடித்து வைத்தாள். ஊர்ச் சன்னல்களெல்லாம் தன் ஒரு துண்டு அட்டையில் தொங்குகின்றன என்று ஏணியடியில் நின்று நினைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு தனி ருசி இருந்தது.

அப்புறம்தான் அண்ணி வந்தாள்.

அவள் தையல்காரி. அவளுடைய அம்மா தையல் மெஷின் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தவள். எண்ணெய் வாடையிலேயே வளர்ந்ததால், பொம்மை கேட்டு அழுதால் திருப்புளியைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். இதைச் சொல்லி அவளே சிரிப்பாள். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசுவாள், ஒன்றுகூட விழாது. தேநீரைப் போட்டு வைத்துவிட்டு மறந்து, ஆறிய பிறகு ஒரே மடக்கில் குடிப்பாள். வந்த புதிதிலேயே திரைகளை வெளியே தைக்கக் கொடுப்பதை நிறுத்தி, வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவளையே கேட்டார்கள். டேப்புவின் அம்மா வாயிலும் மருமக, மருமக என்று அவள் பேச்சுதான். ‘நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்’ என்று டேப்பு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தக் காளானோ அவளை வாய் நிறைய ‘டேப்பும்மா’ என்று கூப்பிட்டது. அது இன்னும் எரிந்தது.

இந்தச் சமயத்தில் அண்ணனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பல் மருத்துவமனை ஒன்றுக்குத் திரைகள் தைத்துத் தயாராக இருந்தன. மறுநாள் காலையில் மாட்டியாக வேண்டும். அண்ணன் இருவரையும் பார்த்தான். டேப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் டிரில்லை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தான்.

“மெஷின் பழகின கை. நீ போடு. டேப்பு ஏணியைப் பிடிச்சுப்பா.”

அண்ணி கருவிப் பெட்டியைக் கவிழ்த்ததும், அட்டை விழுந்ததும் அன்று மத்தியானம்தான்.

சாயங்காலம் ஒரு பலகையில் வைத்துப் பழகிப் பார்த்தபோது டிரில் உறுமியது, அழுத்தியதும் நின்றது. அண்ணன் நல்ல கையால் தட்டினான். அசையவில்லை. இத்தனை நாள் ஓடியது, நீ தொட்டதும் படுத்துவிட்டதே என்று மனைவியைக் கேலி செய்தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா என்று அவளும் திருப்பிக் கேட்டாள். டேப்பு சிரிக்கவில்லை. மனசு மட்டும் குளிர்ந்தது. கடைக்குக் கொடுத்தால் ஒரு வாரம் ஆகும். நாளைக்கு இவள் வெறுங்கையோடு நிற்கட்டும்.

ஆனால் அண்ணி சாப்பாட்டு மேசையில் துணி விரித்தாள். பேட்டரியைக் கழற்றித் தள்ளி வைத்தாள். டிரில்லை ஓர் அட்டை மேல் படுக்க வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தாள். எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ, படத்தில் அதே இடத்தில் அட்டையைக் குத்தி நிறுத்தினாள். அம்மா கற்றுக்கொடுத்த வழி என்றாள். டேப்பு எதிரில் உட்கார்ந்து துணிக்கு ஓரம் மடிப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தாள். ஒரு திருகாணியாவது உருண்டு ஓடட்டும் என்று பார்த்தாள். எதுவும் ஓடவில்லை.

டிரில்லின் உறையைப் பிரித்ததும் கைப்பிடியின் அடியில், பேட்டரி போய்ச் செருகும் தகடுகள் வாய் பிளந்து கிடந்தன. அண்ணி அங்கே குனிந்து சற்று நேரம் எதையோ பார்த்தாள். ஊசிமுனையால் எதையோ நெருடி எடுத்து விரலில் தேய்த்தாள். கரியைச் சுரண்டி, குறட்டால் தகடுகளை மெல்ல நெருக்கி, மூடி முடுக்கினாள்.

டிரில் முன்னைவிட உரக்கப் பாடியது. டேப்பு மடித்த ஓரத்தையே மறுபடி மடித்தாள். அட்டையும் போயிற்று, அட்டைக்கு வேலையும் போயிற்று.

அண்ணி பலகையில் வைத்து அழுத்தினாள். சுற்றியது, இறங்கவில்லை. லேசாகப் பொசுங்கும் வாடை வந்தது. இன்னும் பலமாக அழுத்து என்றான் அண்ணன். அவள் அழுத்தினாள். பலகையில் கறுப்புப் பொட்டு விழுந்ததே தவிரத் துளை இல்லை. அண்ணனுக்குப் புரியவில்லை. அண்ணியின் நெற்றியில் வியர்த்தது.

ஆனால் டேப்புவுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அவள் தலையில் வாங்கிய தூள், துளைபோடும் பிட்டின் சுருள் பள்ளம் வழியே ஏறி வந்து கொட்டும். இப்போது ஒரு துளித் தூளும் ஏறவில்லை. சொல்லாமல் இருந்தால் போதும். நாளைக் காலை வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பிட் கருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“நிறுத்துங்க அண்ணி. தலைகீழா சுத்துது.”

அண்ணி மறுபடி திறந்தாள். சுற்றும் திசையை மாற்றும் பொத்தான், மூடும்போது சுவிட்சின் பள்ளத்தில் உட்காரவில்லை; வெறுமனே வழுக்கிக்கொண்டிருந்தது. அதை உட்கார வைத்து மூடியதும் பலகை சுருள் சுருளாகத் தூள் கக்கியது. கண்டுபிடித்தது டேப்பு என்பதை அண்ணன் மறந்து, மனைவியின் கையைத்தான் மெச்சினான். டேப்பு மேசையைத் துடைத்தாள்.

மறுநாள் மருத்துவமனை அறையில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். டேப்பு குறி வைத்துவிட்டு, வழக்கம்போல் ஏணியின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி டிரில்லோடு மூன்று படி ஏறினாள். நின்றாள். ஏணி நடுங்குவது டேப்புவின் கைகளுக்குத் தெரிந்தது. அண்ணி அப்படியே திரும்பிப் படிப்படியாக இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அந்தத் தகட்டு இடுக்குல நீல அட்டை நார் ஒட்டியிருந்துச்சு,” என்றாள். “ரொம்ப நாளா நசுங்கி ஒட்டினது. உங்க அண்ணனுக்கு அந்தப் பொறுமை ஏது?”

டேப்பு தரையைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. எல்லாம் தெரிந்தும் அண்ணன் எதிரில் காட்டிக்கொடுக்காமல் இருந்துவிட்டாளே. பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொண்டாள் என்று அப்போதும் எரிந்தது.

அண்ணி டிரில்லை அவளிடம் நீட்டினாள்.

“மேல ஏறினா எனக்குக் காலு உதறுது, டேப்பும்மா. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அப்படித்தான். உங்க அண்ணன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ ஏறு. நீ போடு. நான் பிடிச்சுக்கறேன்.”